எங்கள் மணலையும் தென்னையையும் இப்போதே அளந்து வையுங்கள்

இலங்கை அணுசக்திச் சபையினருக்கும், இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையினருக்கும், வட மாகாண விவசாயத் திணைக்களத்தினருக்கும் வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்.

மதிப்புக்குரியவர்களே, வணக்கம்.

முல்லைத்தீவுக் கரையோரத்தில் அளம்பிலுக்குக் கிட்ட இரண்டு ஏக்கர் மணற்காணியில் தென்னை வைத்திருக்கிறேன். ஓய்வு பெறும்வரை இந்த மாவட்டத்துப் பாடசாலைகளில் விவசாயம் படிப்பித்தவன். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வன்னியின் மண்ணிலும், அந்த மண்ணில் விளைந்து நாங்கள் உண்ணுகின்ற தேங்காயிலும் பனங்கிழங்கிலும் நெல்லிலும் அணுகுண்டு வெடிப்பிலும் அணு உலை விபத்திலும் வெளிவரும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137 இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது, பயிர்ச் சத்தான பொற்றாசியம் எவ்வளவு இருக்கிறது என்பதை, எந்த அணு விபத்தும் நடக்காத இந்தக் காலத்திலேயே, மண் வகை வாரியாக அளந்து தமிழில் வெளியிட்டு வையுங்கள். இதை ஏன் கேட்கிறேன் என்பதை விளக்குவதற்கு, எங்களைப் போலவே தென்னையையும் தாழையையும் ஈரப்பலாவையும் நம்பி வாழ்ந்த இன்னொரு கடற்கரைச் சனத்துக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பசிபிக் சமுத்திரத்திலுள்ள மார்ஷல் தீவுகளில் 1946 முதல் 1958 வரை அமெரிக்கா 67 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. அவற்றுள் மிகப் பெரியது 1954 மார்ச் 1 ஆம் திகதி அதிகாலை பிகினி பவளத்தீவில் வெடிக்க வைக்கப்பட்டது. அதன் வலு 15 மெகாதொன். வடிவமைத்தவர்கள் கணித்திருந்ததைப் போல இரு மடங்கிற்கும் மேலானது. வெடிப்பு பவளப்பாறையைப் பொடியாக்கி வானத்துக்குத் தூக்கியது. அந்தப் பொடி, சுண்ணாம்பைச் சுட்டு அரைத்த தூள் போல வெள்ளையாக, ஏறத்தாழ 150 கிலோமீற்றர் கிழக்கேயுள்ள ரொங்கலாப் தீவில் சில மணி நேரத்தில் வந்து கொட்டியது. தென்னோலையில் படிந்தது, தாழையோலை வேய்ந்த கூரையில் படிந்தது, மழைநீர்த் தொட்டிகளில் கரைந்தது. அது என்னவென்று தெரியாத பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். இரண்டு நாட்களுக்குப் பிறகுதான் சனத்தை ஏற்றிச் செல்லக் கப்பல் வந்தது.

மனிதர்களுக்கு நேர்ந்தது உலகம் அறிந்தது. மரஞ்செடிகளுக்கு நேர்ந்ததைப் பற்றி எங்கள் மொழியில் அதிகம் பேசப்படவில்லை. குண்டு வெடித்த தீவுகளிலேயே நின்ற தாவரங்கள் வெப்பத்தாலும் அதிர்வலையாலும் கடலலையாலும் அழிந்தன. ஆனால் எதிர்பார்த்ததைவிட விரைவாகப் பசுமை திரும்பியது. கருகிய கடற்கரைப் புதர்கள் வேரிலிருந்து துளிர்த்தன, எங்கள் அடம்பனின் உறவுக் கொடிகள் வெறும் மணலின் மீது படர்ந்தன. கதிரியக்கம் தாவரத்தில் முதலில் தாக்குவது வேகமாகப் பிரிந்து பெருகும் கலங்களை, அதாவது குருத்தை. கிளைவிடும் செடிக்கு ஒரு முனை செத்தால் இன்னொரு முனை இருக்கிறது. தென்னைக்கும் பனைக்கும் உள்ளது ஒரே குருத்து. போர்க்காலத்தில் எறிகணை விழுந்து வட்டு இழந்த பனைகள் மொட்டைத் தூண்களாக வரிசையில் நிற்பதைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மரங்கள் ஒன்றும் மறுபடி ஓலை விடவில்லை.

எவ். ரேமண்ட் பொஸ்பேர்க் என்ற தாவரவியலாளர் வட மார்ஷல் தீவுகளில் சில செடிகள் நோயுற்றும் வாடியும் நிற்பதைக் கண்டு 1959 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கதிரியக்கத் தூசியின் நீண்டகால விளைவா இது என்று அவர் தலைப்பிலேயே கேள்விக்குறி இட்டிருந்தார். அந்தத் தீவுகள் வரண்டவை, உப்புக் காற்று அடிப்பவை, மண் வளம் குன்றியவை. வாடிய இலையைப் பார்த்து மட்டும் இது வரட்சி, இது உப்பு, இது கதிரியக்கம் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அந்தக் கேள்விக்குறியை நான் மதிக்கிறேன். குண்டு வெடிப்பதற்கு முன் அந்தச் செடிகள் எப்படி இருந்தன, எத்தனை இருந்தன, எந்த மண்ணில் எந்தச் சத்து இருந்தது என்ற முழுமையான பதிவு இருந்திருந்தால் பொஸ்பேர்க் கேள்வியோடு நின்றிருக்க வேண்டியதில்லை.

ஆனால் பிகினிச் சனத்தை வீழ்த்தியது வாடிய இலையல்ல. நன்றாக வளர்ந்து குலை தள்ளிய தென்னைதான். 1946 இல் தங்கள் தீவைவிட்டு அகற்றப்பட்ட அவர்களிடம், இனித் திரும்பலாம் என்று 1968 இல் அமெரிக்க சனாதிபதி ஜோன்சன் அறிவித்தார். தீவு துப்புரவாக்கப்பட்டது, தென்னம்பிள்ளைகள் வரிசை வரிசையாக நடப்பட்டன, வீடுகள் கட்டப்பட்டன, 1970களின் தொடக்கத்தில் சில குடும்பங்கள் திரும்பின. பிள்ளைகள் மரமாகிக் காய்க்கத் தொடங்கின. சனம் இளநீர் குடித்தது, தேங்காய் தின்றது. உடலில் சீசியம்-137 ஏறிக்கொண்டே போனது. 1978 இல் அவர்கள் மறுபடியும் ஏற்றப்பட்டார்கள். மரங்களில் எந்த நோயும் இருக்கவில்லை. ஓலை பச்சை, காய் பெருப்பு, இளநீர் தெளிவு. கண்ணுக்கோ நாக்குக்கோ மூக்குக்கோ எதுவும் தெரியாது.

இது ஏன் நடந்தது என்பதில்தான் விவசாயம் படித்த எனக்கு மிகுந்த அக்கறை இருக்கிறது. சீசியம் இரசாயன இயல்பில் பொற்றாசியத்தின் உடன்பிறப்பு. வேருக்கு இரண்டையும் சரியாகப் பிரித்தறியத் தெரியாது. களிமண் நிலங்களில் சீசியம் களித்தட்டுகளின் இடுக்கில் போய் இறுகிக்கொள்வதால் வேருக்குக் கிடைப்பது குறைவு. பவளத்தீவின் மண்ணோ கல்சியம் காபனேற்று மணல். அதில் களி கிடையாது என்றே சொல்லலாம், பொற்றாசியமும் மிகக் குறைவு. பொற்றாசியத்துக்கு ஏங்கி நிற்கும் தென்னை, இறுகாமல் கிடக்கும் சீசியத்தை வாரி இழுத்துக் காயிலே சேர்த்தது. களிமண் நாடுகளில் பெற்ற அனுபவம் அந்த மணலுக்குப் பொருந்தவில்லை. அதே மண்ணில் கல்சியம் நிறைந்திருந்தமையால், கல்சியத்தின் உடன்பிறப்பான ஸ்ரோன்சியம்-90 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருளை மரங்கள் அவ்வளவாக எடுக்கவில்லை. ஒரே தூசி, ஒரே மரம். எது உணவுக்குள் வரும், எது வராது என்பதைத் தீர்மானித்தது மண்.

இப்போது என் காணிக்கு வாருங்கள். காலையில் கிணற்றடியில் ஒரு பிடி மண்ணை அள்ளி விரலிடையே விட்டால் கையில் ஒன்றும் ஒட்டாமல் ஓடிவிடும். ஈரமாக்கி உருட்டினாலும் உருளாது. களி இல்லை என்பதற்கு இதைவிட வேறு சோதனை வேண்டியதில்லை. பெரும்பாலும் குவார்ட்சு மணல். பவளத்தீவில் இருக்கும் கல்சியமும் இங்கே இல்லை, ஆகவே சீசியத்தோடு ஸ்ரோன்சியத்தைப் பற்றியும் நாங்கள் யோசிக்க வேண்டும். என் மரங்களின் அடியோலைகளை எடுத்துப் பாருங்கள். ஓலை நுனியும் ஈர்க்கின் இரு கரையும் பழுத்து, செம்மஞ்சள் புள்ளிகள் விழுந்து, பிறகு கருகிக்கொண்டு வரும். ஈர்க்கை ஒட்டிய நடுப்பகுதி மட்டும் பச்சையாக நிற்கும். பொற்றாசியக் குறைபாட்டின் அடையாளம் இது என்று வகுப்பில் படம் கீறிப் படிப்பித்திருக்கிறேன். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது எம்.ஓ.பி. என்ற பொற்றாசியப் பசளை கிடைக்காமல் போனது. அந்தத் தடை நீங்கிய பின்னரும் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. அந்த வருடங்களில் இந்தப் பழுப்பு மேலோலைகளுக்கும் ஏறியதை என் கண்ணால் கண்டேன். பொற்றாசியத்துக்கு ஏங்கும் மரம், களியில்லாத மணல். பிகினியின் தென்னை நின்ற நிலைக்கு இது மிகக் கிட்டியது.

வன்னி முழுவதும் இப்படியல்ல, அதனால்தான் மண் வகை வாரியாக என்று கேட்கிறேன். உள்ளே போனால் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் செங்கபில மண், கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் செம்மண், முருங்கனில் மழைக்குக் காலைப் பிடித்து இழுக்கும் கருங்களி. குளங்களுக்குக் கீழே வயல் நிலம் வேறு. நீர் கட்டி நிற்கும் வயலில் அமோனியம் கூடி, களியில் பிடித்திருக்கும் சீசியத்தை ஓரளவு வெளியே தள்ளும் என்பதை யப்பானியர் 2011 இல் நடந்த புக்குசிமா அணுமின் நிலைய விபத்துக்குப் பிறகு உன்னிப்பாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த வேலை எங்களுக்கு நல்ல முன்மாதிரி. வயல் மண் 100 கிராமில் வேருக்குக் கிடைக்கக்கூடிய (மாற்றீடு செய்யக்கூடிய) பொற்றாசியம், பொற்றாசியம் ஒட்சைட்டாகக் கணக்கிட்டு, 25 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கும்படி பசளை இட்டார்கள். புக்குசிமா மாகாணத்து நெல்லை 2012 அறுவடை முதல் மூட்டை மூட்டையாகச் சோதித்தார்கள். கதிரியக்கத்தை அளக்கும் அலகான பெக்கரலில் கிலோவுக்கு 100 என்ற எல்லையைத் தாண்டியது சந்தைக்குப் போகவில்லை. அந்த அளவுக்கு அவர்களால் நுணுக்கமாக நடக்க முடிந்ததற்கு ஒரு காரணம், தங்கள் வயல்களின் மண் விபரம் முன்பே அவர்கள் கையில் இருந்தது.

பிகினிக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு, குண்டு போடும் காலம் போய்விட்டதே என்று நீங்கள் கேட்கலாம். தலைமன்னாரிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தூரத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம் இயங்குகிறது. 2013 முதல் மின்சாரம் வழங்குகிறது. 1,000 மெகாவாற் உலைகள் இரண்டு ஓடுகின்றன, மேலும் உலைகள் கட்டப்படுகின்றன. அங்கே விபத்து நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. உலை வெடிகுண்டல்ல என்பதும், அதைக் காக்கும் பல அடுக்கு ஏற்பாடுகள் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். அங்கிருந்து சனத்தைப் பயமுறுத்தும் வதந்திகள் இங்கே வந்தபோதெல்லாம் அவற்றை மறுத்துப் பேசியவன் நான். ஆனால் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோழகமும் கச்சானும் வீசுவது அந்தத் திசையிலிருந்து எங்கள் திசைக்குத்தான் என்பது எந்தக் கடற்றொழிலாளிக்கும் தெரியும். எங்கள் நாட்டிலேயே அணுமின் நிலையம் அமைப்பது பற்றிய பேச்சும் நடக்கிறது. அப்படியொன்று வருமானால், அளவீடு அதற்கு முன்பே செய்யப்பட்டிருக்க வேண்டும்.

அளப்பது எளிய வேலையல்ல என்பதையும் அறிவேன். ஆகவே வன்னிக்கென்று உரிய இரண்டு சிக்கல்களைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். முதலாவது, கொக்கிளாய்க்கு அப்பால் புல்மோட்டைக் கடற்கரையில் இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கோன் ஆகியவற்றோடு மொனசைற்றும் கலந்த கனிய மணல் கிடக்கிறது. மொனசைற்றில் தோரியம் உண்டு. அது இயற்கை தந்தது, எங்கள் மூதாதையர் காலத்திலும் இருந்தது. கரையோரத்தில் ஒரு சாதாரணக் கதிர்வீச்சுமானியைப் பிடித்து முள் ஏறுகிறது என்று யாராவது சொன்னால் அதை வைத்துச் சனம் கலவரப்படும், அல்லது இது இயற்கைதான் என்று சொல்லி உண்மையான மாசையும் மூடிவிடும். இரண்டும் நடக்காதிருக்க, மொத்த அளவோடு நிற்காமல் காமா நிறமாலைமானியால் ஒவ்வொரு மூலகத்தையும் தனித்தனியே எண்ண வேண்டும். சீசியம்-137 க்கு 662 கிலோ இலத்திரன்வோல்ற்றில் தனக்கென்று ஒரு கையெழுத்து உண்டு. அதைத் தோரியத்தின் கையெழுத்தோடு குழப்பிக்கொள்ள உங்கள் ஆய்வுகூடத்தவர்கள் விடமாட்டார்கள்.

இரண்டாவது, எங்கள் மண்ணில் சீசியம் முற்றாக இல்லாதிருக்கப் போவதில்லை. 1963 இல் வளிமண்டலச் சோதனைகளைத் தடுக்கும் ஒப்பந்தம் வரும்வரை வல்லரசுகள் வெடித்த குண்டுகளின் தூசி உலகம் முழுவதும் மழையோடு இறங்கியது. வட அரைக்கோளத்தின் நடு அகலக்கோடுகளில் அதிகம், எங்களைப் போன்ற வெப்ப வலயத்தில் குறைவு. சீசியம்-137 இன் அரைவாழ்வுக் காலம், அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 30 ஆண்டுகள், ஆகவே அன்று விழுந்ததில் ஏறத்தாழக் காற்பங்கு இன்றும் எஞ்சியிருக்கிறது. அந்தச் சிறிய எச்சம் எவ்வளவு என்று இப்போது தெரியாவிட்டால், நாளை ஏதேனும் அளவு தென்படும்போது அது பழையதா புதியதா என்று எவராலும் தீர்க்க முடியாது. குளத்தடி வண்டலை அடுக்கடுக்காக எடுத்தால் அந்தக் காலத்துத் தடம் தெரியக்கூடும். முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களில் இதைச் செய்வது மாணவர்களுக்கும் நல்ல ஆய்வாக இருக்கும்.

மாதிரி எடுக்கும்போது நாங்கள் உண்மையில் உண்பதை எடுங்கள். பிகினியின் உணவெல்லாம் உள்ளூர்த் தேங்காயும் பழமுமாக இருந்தால் ஒருவரது உடலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 மில்லிசீவேட் கதிர்வீச்சு ஏறும் என்று சர்வதேச அணுசக்தி முகவர் நிலையம் 1998 அறிக்கையில் கணக்கிட்டது. இறக்குமதி உணவு கலந்தால் அது வெகுவாகக் குறையும். எனவே தட்டில் என்ன இருக்கிறது என்பதே கணக்கின் அரைவாசி. எங்கள் வீடுகளில் பனங்கிழங்கை அவித்துக் காயவிட்டுப் புழுக்கொடியலாகவும், அவிக்காமல் ஒடியலாகவும் வைத்து மாதக்கணக்கில் உண்கிறோம். பனம்பழத்தைப் பினாட்டாக்குகிறோம், தேங்காயைக் கொப்பறாவாக்குகிறோம். காயும்போது நீர்தான் போகும், சீசியம் போகாது. பச்சைக் கிழங்கில் ஒரு கிலோவுக்கு உள்ளதைவிட ஒடியலில் ஒரு கிலோவுக்கு உள்ளது கூடுதலாகும். கொழும்பில் இருந்து உணவுப் பட்டியல் தயாரித்தால் ஒடியல்மா அதில் விடுபட்டுப்போகும் என்ற பயம் எனக்கு இருக்கிறது.

பயத்தைப் போக்கும் செய்தியும் அந்தத் தீவிலிருந்துதான் வந்தது. அதை எங்கள் கமக்காரர்கள் அவசியம் அறிய வேண்டும். பிகினியின் மேல்மண்ணை முழுவதும் வழித்தெடுத்தால் சீசியம் போய்விடும். ஆனால் மரங்களையும் தறிக்க வேண்டும், நூற்றாண்டுகளாக உக்கிச் சேர்ந்த கறுப்பு மண்ணையும் இழக்க வேண்டும், மிஞ்சுவது வெறும் பவளச் சல்லி. அமெரிக்காவின் லோறன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தவர்கள் அங்கே தென்னைக்குப் பொற்றாசியம் குளோரைட்டு இட்டுப் பார்த்தார்கள். நாங்கள் பசளைக்கடையில் வாங்கும் அதே சிவந்த எம்.ஓ.பி. தான். தேங்காயிலிருந்த சீசியம் முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது, பலன் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. மழையும் தன் பங்குக்குச் சீசியத்தை வேருக்குக் கீழே கழுவியது. அதனால் அந்தத் தீவுகளின் தாவரங்களில் சீசியம் அரைவாசியாகும் காலம் 30 ஆண்டுகளல்ல, எட்டு ஒன்பது ஆண்டுகள்தான் என்று கண்டார்கள். என் தகப்பனார் தென்னம்பிள்ளை நடும்போது குழியில் ஒரு கடகம் சாம்பல் போடுவார், மரத்தைச் சுற்றிப் பொச்சு மட்டையைக் கவிழ்த்துப் புதைப்பார். இரண்டும் பொற்றாசியம். அந்தப் பழக்கம் எங்கள் பக்கத்தில் அருகிவிட்டது. பொச்சை விற்றுவிடுகிறோம், சாம்பலுக்கு அடுப்பில்லை. மணற்காணிகளின் பொற்றாசிய நிலையைத் திணைக்களம் இன்றே சீர்செய்தால், விபத்து ஒன்றும் நடக்காவிட்டாலும் தேங்காய் கூடும். நடந்தால், மரம் சீசியத்தைத் தேடி ஓடாது.

நான் கேட்பதில் அளவீட்டுக்குச் சமமான பங்கு வெளியிடுதலுக்கும் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் என் காணியில் நான்கு மூலையிலும் நடுவிலும் மண் எடுத்துப் பையிலிட்டு, பெயரும் திகதியும் எழுதிக்கொண்டு போனார்கள். முடிவு இன்றுவரை என் கைக்கு வரவில்லை. நான் மூன்று தடவை நேரில் போய்க் கேட்டேன். அவர்கள் கெட்டவர்களல்ல. யாருக்கு அனுப்புவது என்ற ஒழுங்கு அவர்களிடம் இருக்கவில்லை. எடுத்த மண்ணின் விபரம் அந்த மண்ணின் சொந்தக்காரருக்கு, அவருக்கு விளங்கும் மொழியில், எழுத்தில் போக வேண்டும். கிராம அலுவலர் பிரிவு வாரியாகப் பிரதேச செயலகங்களிலும் பாடசாலைகளிலும் அதன் பிரதி இருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதே இடங்களில், அதே ஆழத்தில் மறுபடி எடுக்க வேண்டும்.

மீள்குடியேற்றம் என்ற சொல்லை நாங்கள் அறிந்த அளவுக்கு இந்த நாட்டில் வேறு எவரும் அறிந்திருக்க மாட்டார்கள். 2009 க்குப் பிறகு முகாம்களிலிருந்து திரும்பி வந்தபோது, எங்கள் காணிகள் முன்பு எப்போதும் இல்லாத அளவுக்குப் பச்சையாகத்தான் கிடந்தன. ஈச்சையும் நாயுருவியும் முற்றத்தை மூடியிருந்தன, கவனிப்பாரற்ற தென்னைகள்கூடக் காய்த்திருந்தன. ஆயினும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைக்கு அப்பால் நாங்கள் காலெடுத்து வைக்கவில்லை. மிதிவெடி அகற்றுவோர் ஒவ்வொரு முழமாகத் தட்டித் தடவி, துப்புரவாக்கப்பட்டது என்று எழுதித் தந்த பிறகே மண்வெட்டியை எடுத்தோம். பக்கத்துக் காணி அக்கா அப்போது சொன்னா, "தம்பி, புல்லு முளைக்குது எண்டு போட்டு நிலம் நல்லதெண்டு சொல்லேலாது" என்று. ரொங்கலாப் சனம் 1957 இல் தங்கள் தீவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டபோது அவர்களுக்கு அப்படி முழம் முழமாக அளந்து கொடுத்த உறுதி எதுவும் இருக்கவில்லை. தங்கள் உணவையே நம்ப முடியாமல் 28 வருடம் வாழ்ந்து, 1985 இல் தாங்களாகவே கப்பலேறிப் போனார்கள்.

உணவிலும் மண்ணிலும் கதிரியக்கத்தை அளக்கும் கருவிகளும் அவற்றைக் கையாளக் கற்றவர்களும் உங்களிடம் இருக்கிறார்கள். கருவியைக் கொழும்பிலேயே வைத்திருங்கள், மண்ணும் காயும் அங்கே வரட்டும். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கமக்கார அமைப்புகளும் மாதிரி சேர்க்க உதவும், அதற்கு ஆட்களைத் திரட்டித் தர என்னால் முடியும். ஆவணி, புரட்டாதியில் வாருங்கள். வாடை மழை தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்து ஒழுங்கைகளில் வாகனம் இறங்காது, மணலின் மேற்படையும் கழுவுண்டுவிடும். என் காணியில் கிணற்றுக்கு வடக்கே நிற்கும் மூன்று மரங்களுக்கு நான்கு வருடமாக எந்தப் பசளையும் இடவில்லை, தெற்கே நிற்கும் மூன்றுக்கு ஒழுங்காக எம்.ஓ.பி. இட்டு வருகிறேன். இரண்டு பக்கத்திலும் காய் பறித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். மரமேற ஆள் இருக்கிறார். பறித்த காய்களை உரித்து, எந்த மரத்தின் காய் என்று இலக்கமிட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
முல்லைத்தீவு மாவட்டத் தென்னைச் செய்கையாளரும் ஓய்வுபெற்ற விவசாய ஆசிரியரும்